ஆமைக்கு ஒரு செக் ஷீட்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. எந்தத் தொல்லையும் வருவதற்கு முன்பே அதைத் தடுத்துவிடுகிறவர்கள். எங்கே தடுக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? காகிதத்தில்தான். இவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் முதலில் ஸ்கேலைத் தேடுவார்கள், கட்டம் போடுவார்கள், கட்டத்துக்கு மேலே தலைப்பு எழுதி இரண்டு முறை அடிக்கோடு இழுப்பார்கள், கீழ்மூலையில் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று பெட்டி வரைந்து மூன்றிலும் தாங்களே கையெழுத்துப் போடுவார்கள். அதற்குள் வேலையே முடிந்துவிட்ட களைப்பு வந்துவிடும். போய்ப் படுத்துவிடுவார்கள்.

இவர்களுக்குச் செக் ஷீட் மனிதர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே முன்பு நெல் விளைந்தது, இப்போது இவர்கள் விளைகிறோம். 'இவர்கள் விளைகிறோம்' என்று எழுதியது கை தவறி அல்ல. மாதிரிக்கு ஒருவர் வேண்டுமென்றால் நீங்கள் வெளியே அலைய வேண்டியதில்லை. கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியொன்றின் குவாலிட்டி பிரிவில் பதினொரு வருஷம் குப்பை கொட்டிய கண்ணப்பன் என்கிற நானே இருக்கிறேன். சுற்றி வந்து பாருங்கள், கட்டணம் கிடையாது.

எங்கள் தொழிலின் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு செக் ஷீட் தொங்கும். மணிக்கொரு முறை சூடு பார்த்தாயா, எண்ணெய் பார்த்தாயா என்று கேட்டு டிக் போட வேண்டும். மணிக்கொரு முறை யார் போடுவது? ஷிப்ட் முடிகிற நேரத்தில் எட்டு டிக்கையும் ஒரே மூச்சில் போடுவதுதான் வழக்கம். ஆடிட் வருகிறது என்றால் இன்னும் விசேஷம். விட்டுப்போன மூன்று மாதத்தை ஒரே மத்தியானத்தில் நிரப்புவோம். நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றி எழுதுவோம், நடுநடுவே டிக்கைக் கொஞ்சம் கோணலாக்குவோம், காகிதம் புதிதாகத் தெரிந்தால் ஓரத்தில் டீ சிந்துவோம். பார்க்கிற ஆடிட்டரும் ஒரு காலத்தில் டீ சிந்தியவர்தான். அவரும் ஒரு டிக் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போவார். இந்தக் கலையில் நான் கைதேர்ந்தவன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு 2013ஆம் வருஷம் ஒரு தண்ணீர் ஆமை வந்து சேர்ந்தது.

கேட்டது என் மனைவி காந்திமதி. மண்ணூர்க்காரி. ஒரு செல்போன் கம்பெனியில் பேக்கிங் லைனில் நின்றாள். எனக்கு ஜெனரல் ஷிப்ட், அவளுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட். அவள் வரும்போது நான் இருக்க மாட்டேன், நான் வரும்போது அவள் தூங்குவாள். கதவைத் திறந்தால் தன்னைத் திரும்பிப் பார்க்க வீட்டில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றாள். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து உள்ளங்கை அளவில், கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட ஆமை ஒன்றை வாங்கி வந்தோம். அது கல்லின் மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, தான் ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்துவிட்டாள். நான் சிரித்தேன். யாரை மனத்தில் வைத்துக்கொண்டு வைத்தாள் என்று கேட்கவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மண்ணாங்கட்டிக்கு, பெயரே அதுதான், இதில் இஷ்டமே இல்லை. ஆமை வீட்டுக்கு ஆகாது என்று தொடங்கினார். நான் சும்மா விடுவேனா? இணையத்தில் ஒரு ராத்திரி மேய்ந்து சேர்த்த ஞானம் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். தண்ணீர் அழுக்கானால் ஓடு அழுகும். உடம்பு காய ஒரு மேடு வேண்டும். தினமும் நேர் வெயில் வேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று போய்விடும். இத்தனையும் கவனித்தால் பூஞ்சை கிட்டேயே வராது. மனிதர் அரண்டு போய் மொட்டை மாடியில் வெயில் காட்ட அனுமதி கொடுத்தார். சாவி மட்டும் தன்னிடமே இருக்கும், வேண்டுமென்கிறபோது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

இப்போது கவனியுங்கள். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வகையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். எங்களுக்கு எல்லாம் தெரியும்.

அடுத்த நாள் தொட்டிக்கு மேலே ஆணியில் செக் ஷீட் தொங்கியது. தண்ணீர் மாற்றியது, மேடு காய்ந்திருக்கிறது, வெயில் முப்பது நிமிடம், ஓட்டில் புள்ளி இல்லை, கெட்ட வாடை இல்லை. ஐந்து வரிசை, முப்பத்தொரு கட்டம். முதல் இரண்டு வாரம் காந்திமதியே பெரும்பாலும் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் ஓட்டிலிருந்து மெல்லிய செதில் ஒன்று உரிந்ததைப் பார்த்து, பெயின்ட் உரிகிறது என்கிற பதற்றத்தில் நான் கட்டத்தில் சிவப்பு மையால் 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். அது வளர்கிற ஆமைக்கு இயல்பு என்று அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். அவள் படித்துச் சொன்னது எனக்கு ஏன் எரிச்சலாக இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஐப்பசியில் அவள் கம்பெனியில் ஆர்டர் குவிந்தது. பத்து நாள் தொடர்ந்து ஓவர்டைம், வீட்டுக்கு வந்தால் விழுந்து தூங்கத்தான் நேரம். சூப்பர்வைசரை நீங்கதான் பாத்துக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அதை என் கையில் கொடுத்தபோது அது என் விரலைச் சுரண்டியது. நான் பொறுப்பாகத் தலையை ஆட்டினேன்.

முதல் நாள் தண்ணீர் மாற்றினேன். டிக். இரண்டாம் நாள் தண்ணீரைப் பார்த்தேன், தெளிவாகத்தான் இருந்தது. டிக். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆபீசிலிருந்து வந்த அலுப்பில் மேடு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, ஆனால் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. நான்காம் நாளுக்குப் போடும்போது ஐந்தாம் நாளுக்கும் சேர்த்துப் போட்டேன், நாளைய வேலை குறையட்டுமே என்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பழக்க தோஷத்தில் நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றிக்கொண்டேன். என் வீட்டுக்கு எந்த ஆடிட்டர் வரப் போகிறார்?

வந்தாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு. செருப்பைக் கழற்றியவள் நேரே தொட்டிக்குப் போய் ஆமையைத் தூக்கினாள். அது கழுத்தை நீட்டவில்லை. முதுகோட்டின் ஓரத்தில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாக ஒரு திட்டு. விரலால் மெல்ல அழுத்தினாள், அந்த இடம் அமுங்கியது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாங்க இது, ஊறிப்போன அப்பளமாட்டம் கீது?"

என் வாயிலிருந்து முதலில் என்ன வந்தது தெரியுமா? 'ஐயோ' வரவில்லை.

"ஷீட்டைப் பாரு காந்தி. ஒரு நாள்கூட விடல."

அவள் பார்த்தாள். பேக்கிங் லைனில் ஆறு வருஷம் நின்றவள். ஷிப்ட் முடிவில் எட்டு டிக்கை ஒரே மூச்சில் போட்ட கை அவளுடையது. எங்களைப் போன்றவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று போட்ட கை. வெயில் வரிசையின் மேல் விரலை வைத்து, பத்து டிக்கையும் ஒன்றொன்றாகக் கடந்து போனாள். பதினோராம் நாள் கட்டத்தில் விரல் நின்றது. அது திங்கட்கிழமை. இன்னும் விடியாத அந்தத் திங்கட்கிழமையிலும் ஆமை முப்பது நிமிடம் வெயில் காய்ந்திருந்தது.

ஆமையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் மண்ணாங்கட்டியிடம் மாடிச் சாவி கேட்டாள். அவர் இடுப்பைத் தடவி எடுத்துக் கொடுத்தார்.

"பத்து நாளா எங்கிட்டதான் கீதுமா. யாரும் வந்து கேக்கலையே."

அவள் என் மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக இருந்தது. அவள் கோபப்படவில்லை. ஆமையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள். "இதுக்குத் தெரியாதுங்களே, நீங்க டிக் போட்டது" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் உடனே டாக்டரைத் தேடி ஓடுவான். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். கேலண்டர் தாளின் பின்பக்கத்தில், குறைக்குக் காரணம் கண்டுபிடிக்க நாங்கள் கம்பெனியில் வரைகிற மீன்முள் படத்தை வரைய ஆரம்பித்தேன். முறை, பொருள், சூழ்நிலை என்று முள்முள்ளாகக் கோடு இழுத்தேன். சூழ்நிலை என்ற முள்ளில் மழை என்று எழுதினேன். மனிதர் என்ற முள்ளில் வெகுநேரம் யோசித்து, ஆமையின் ஒத்துழைப்பின்மை என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது வீட்டில் யாரும் இல்லை. அவள் ஆமையோடு ஷேர் ஆட்டோ ஏறியிருந்தாள்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் அடுத்த ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். போரூரில் ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக் திறந்து வைத்திருக்கும் கால்நடை டாக்டர் அழுகலைச் சுத்தம் செய்தார், மருந்து தந்தார், நாளின் பெரும்பகுதி உலர வைத்து, சாப்பிடவும் குடிக்கவும் மட்டும் தண்ணீரில் விடச் சொன்னார். எலும்புக்கு இறங்கியிருந்தால் சொல்வதற்கில்லை, நல்லவேளை வந்தீர்கள் என்றார். தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, அத்தனையும் எனக்குத் தெரியும் என்று வாய்வரை வந்தது. முதல் முறையாக அதை விழுங்கினேன்.

மூன்று மாதமானது. தினமும் தூக்கினேன், துடைத்தேன், தொட்டுப் பார்த்தேன், முகர்ந்தேன். மழை விட்ட நேரமெல்லாம் மண்ணாங்கட்டியிடம் சாவி கேட்டு நின்றேன். மனிதர் சலித்துப்போய் ஒரு சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். செக் ஷீட் தொங்கிய ஆணியில் இப்போது அந்தச் சாவி தொங்குகிறது. சூப்பர்வைசர் பிழைத்துக்கொண்டது. முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி மட்டும் மிச்சம். கல்லின் மேல் ஏறி, கழுத்தை நீட்டி, நான் தொட்டி கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காந்திமதி இப்போதும் வேலை விட்டு வந்ததும் அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்க்கிறாள். நான் சொல்வதை அவள் நம்புவதில்லை, விரல் சொல்வதைத்தான் நம்புகிறாள்.

சரி, நீங்கள் இந்த வகையில்லை. ஆமை வளர்க்கவில்லை, ஒரகடத்தில் வேலை பார்க்கவில்லை, கட்டம் போடத் தெரியாது. வீட்டில் யாராவது 'பாத்துக்குங்க' என்று உங்கள் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எழுந்து போய் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாமே என்று நான் சொன்னால், அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்பீர்கள்.

இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே மனத்துக்குள் ஒரு டிக் போட்டீர்களே, அது நீலப் பேனாவா, கறுப்பா?