நூற்று எண்பத்தாறு பக்கக் கையேட்டுக்காரர்

கையேட்டுக்காரர் என்றொரு சாதி நம் மலைநாட்டில் பெருகி வருகிறது. சாதி என்றதும் முறைக்காதீர்கள். இது பிறப்பால் வருவதில்லை, மடிக்கணினி வாங்கியதும் வருவது. ஒரு மாதிரிக்கு எங்கள் ஹட்டன் யோகேஸ்வரனைக் காட்டுகிறேன்.

தூண், நிலை, கூரை மரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே இழைத்து வைத்து, ‘காசு வேண்டாம், எடுத்து வீடு கட்டிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது ஊருக்கே கொடுத்தால் எப்படி இருக்கும்? இணையத்தளம் கட்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு இலவச மென்பொருளை ஹட்டனில் நாலைந்து பேர் சேர்ந்து செய்தார்கள். பெயர் ‘கொழுந்து’. நல்ல சரக்கு. செய்தவர்கள் வாயைத் திறக்காத பிள்ளைகள். ஆகவே அதை எப்படிப் பாவிப்பது என்று எழுதும் பொறுப்பு வாயை மூடாத யோகேஸ்வரனிடம் போய்ச் சேர்ந்தது.

கையேட்டுக்காரர் எதிலிருந்து தொடங்குவார் என்று நினைக்கிறீர்கள்? அட்டையிலிருந்து. மூன்று வாரம் அட்டை. பனிமூட்டம், தேயிலை மலை, கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். அந்த அட்டையில் மட்டும் யார் காலிலும் இரத்தம் குடிக்கிற அட்டை ஏறியிருக்காது. அப்புறம் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, அணிந்துரை எழுதியவரைப் பற்றி ஓர் அறிமுகவுரை, இணையம் தோன்றிய வரலாறு, இணையத்துக்கு முன்பு தமிழர் செய்தி அனுப்பிய வரலாறு, ‘சுருக்கமாகச் சொன்னால்’ என்று தொடங்கும் பதினொரு பக்கம், நாற்பத்திரண்டு பேருக்கு நன்றி. எல்லாம் சேர்ந்து நூற்று எண்பத்தாறு பக்கம்.

அதற்கு வெளியீட்டு விழாவும் வைத்தார். திரையில் படிக்க வேண்டியதை அச்சடித்து, பட்டு நாடா கட்டி, குத்துவிளக்கேற்றி, மரக்கறி லொறி முதலாளி செல்லசாமி ஐயாவுக்கு முதற்பிரதி கொடுத்து, பொன்னாடையும் போர்த்தினார். ஐயா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்து பார்த்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்துவிட்டது?

லிந்துலை நிஷாந்தி திறந்து பார்த்தாள். நுவரெலியாவில் ஒரு சின்னக் கம்பெனி அவளுக்கு ஒரு வாரத் தவணை கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரு ஹோட்டலுக்கு ‘கொழுந்து’ வைத்து இணையத்தளம் கட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் மறுபடியும் கொழும்புத் துணிக்கடைதான். மூன்று நாள் கையேட்டைப் புரட்டினாள். புதன்கிழமை யோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, இத கம்பியூட்டர்ல நிறுவுறது எப்படின்னு எங்கயுமே காணலயே?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? ஒம்பதாம் அத்தியாயம் பாருங்க.”

“பாத்தேண்ணே. ‘நிறுவும் முறை மென்பொருளின் உள்ளே, உதவிப் பக்கத்தில் இருக்கிறது’ன்னு ஒரு வரிதான் போட்டிருக்கு.”

“ஆமா, அங்கதான் வச்சிருக்கோம். வெளிய இருந்தா புத்தகத்தோட அழகு கெட்டுப் போகுதும்மா.”

“நிறுவினாத்தானேண்ணே அந்தப் பக்கம் தொறக்கும்?”

“கரெக்டு. அதனால நீங்க மொதல்ல நிறுவிருங்க. அப்புறம் அதுல தெளிவா இருக்கு.”

அவள் போனை வைத்துவிட்டாள். இவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு அவளே தட்டித் தடவி, சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கண்டதையெல்லாம் தேடி, வழியைக் கண்டுபிடித்தாள். முதலில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்திருக்க வேண்டும். ஒரு வரி. அது கிடைத்தது சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மாலையே கம்பெனி வேறொருவரை எடுத்துவிட்டது. அப்படியும் அந்தப் பிள்ளை, அடுத்தவராவது தப்பிக்கட்டும் என்று அந்த வரியை யோகேஸ்வரனுக்கு அனுப்பி வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்கு எரியவில்லை. உடனே அவளுக்குப் போன் எடுத்தார்.

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா, அதான் போடல. பரவாயில்ல, நன்றிப் பக்கத்துல ஒங்க பேரச் சேர்த்துட்டேன், நாப்பத்தி மூணாவது. ரெண்டாம் பதிப்பு வெளியீடு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை. ஒங்களுக்கும் பொன்னாடை இருக்கு, கட்டாயம் வாங்க.”

“வர ஏலாதுண்ணே. கொழும்பு பஸ்ல இருக்கேன். துணிக்கடையில ஞாயித்துக்கிழம லீவு தர மாட்டாங்க.”

அந்த ஒரு வரி இரண்டாம் பதிப்பில் வந்ததா? வரவில்லை. நடை எளிமையாக இருக்கிறதாம், மற்ற பக்கங்களோடு ஒட்டவில்லையாம்.

யோகேஸ்வரனைத் திட்டலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கே திட்டுவது? நன்றிப் பக்கத்தில் பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. பிழை திருத்தியவன் நான்தான். நூற்று எண்பத்தாறு பக்கத்தையும் வரி விடாமல் படித்தேன். ஒற்று மிகுந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தபோது, ‘தெரிந்ததுதானே’ என்று நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்று தெரியும். நீங்கள் எதையும் விளக்கமாகச் சொல்கிறவர். எதற்கும் ஒரு உதவி செய்யுங்கள். கடைசியாக உங்களிடம் வழி கேட்டு, ‘சரிங்க’ என்று தலையாட்டிவிட்டுப் போனாரே ஒருவர், அவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.