சகல உலகத்துக்கும் ஒரே குழாய்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்பட்டது என்னவென்றால், வரும் மாதம் முதல் ஒவ்வொரு குடும்பமும் விஞ்ஞானக் கதைகளில் வரும் உலகங்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் குடியிருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்ய வேண்டாம், சட்டி பானை கட்ட வேண்டாம். முகவரியில் உலகத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். கதையில் வரும் கிரகவாசி எவனும் இதுவரை சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை என்பதை மேலதிகாரி ஒருவர் ஆழ்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார். மக்கள் எல்லோரும் கதைக்குள் போய்விட்டால் மனுத்தொல்லை தீர்ந்தது. எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்!

சலவைக்கடைக்காரர் அறிவிப்பைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உலகம் தேர்ந்தெடுக்காதவர்கள் "உலகமற்றோர்" ஆகக் கருதப்பட்டு, அவர்களுடைய குழாய் இணைப்பு துண்டிக்கப்படும் என்றிருந்தது. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்வாசலில் குழாய். அந்தக் குழாயில்தான் அவருடைய பிழைப்பே சொட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் அதற்குள் நாகரிகம் தலைகால் தெரியாமல் ஆடியது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் மூன்று நிலா உள்ள கிரகத்தை வாங்கிவிட்டார். மூன்று நிலா இருக்கும்போது தெருவிளக்கு எதற்கு என்று அவர் வீட்டு வாசல் விளக்கை உடனே பிடுங்கிப்போனார்கள். மூன்று நிலாவும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில் குழாய்த் தண்ணீர் மேலே பறந்து சேதம் உண்டாகும் என்பதால் குழாயையும் முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் நெற்றியில் கட்டோடு வந்தார். இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டாராம்.

"நிலா வெளிச்சத்துக்குக் கண்ணு பழகணும்ல?" என்றார் பெருமையாக.

சலவைக்கடைக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மணலே மணலான கிரகத்தைத் தேர்ந்தெடுத்தார். பாலைவனத்தில் குழாய் இருந்தால் கதைக்கு அசிங்கம் என்று அவருக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

"எங்க அண்ணன் வீட்டு மணல் பொன்னு மாதிரி மின்னுமாம்," என்றாள் மனைவி. "நாம மட்டும் இன்னும் பூமியிலயே உக்காந்திருக்கோம். வெளிய தலைகாட்ட முடியல."

"எனக்கு மின்ன வேண்டாம்டி, தண்ணி வந்தாப் போதும்."

"அதையாவது போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்!"

கற்பனை உலகக் குடியமர்த்தல் துறையில் ஒரே ஒரு எழுத்தர் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே தட்டச்சு செய்கிற நேர்மையாளர். அர்த்தம் பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்கு மேலே ஒரு பிரிவு இருந்தது, அங்கே ஆள் இன்னும் நியமிக்கவில்லை.

"தண்ணி இருக்கற உலகமா ஒண்ணு குடுங்க சார்."

"இருக்கே. முழுக்கத் தண்ணி. ஒரு பிடி மண் கிடையாது."

"பேஷாப் போச்சு, அதையே போடுங்க."

"போட்டுடலாம். ஆனா உங்க கடை தரையில நிக்குது. அங்க தரை இல்லையே? கடையை இடிக்க வேண்டி வரும். பரவாயில்லையா?"

"ஐயையோ! வேற?"

"மேகத்துல மிதக்கற ஊர் ஒண்ணு இருக்கு. குளுகுளுன்னு இருக்கும்."

"குழாய்?"

"மேகமே தண்ணிதானே, அப்புறம் குழாய் எதுக்கு?"

"பூமி மாதிரியே ஒண்ணு இல்லையா சார்?"

எழுத்தர் தேடினார். "இருக்கு. அச்சு அசல் பூமிதான். குழாய்கூட உண்டு. அங்க யாரும் துணி உடுத்தறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

சலவைக்கடைக்காரர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாம் என் கிரகம்!"

எழுத்தரின் விரல்கள் நின்றன. "எல்லாமா?"

"எல்லாம்தான் சார்! எல்லாம் என் கிரகம்! வேற என்னத்தைச் சொல்ல?"

"இப்படித் தெளிவாச் சொல்ற ஆளைப் பார்த்ததே இல்ல," என்று பாராட்டிவிட்டுத் தட்டச்சு செய்தார் எழுத்தர்.

ஆணை வீட்டுக்கு வந்தது. மேற்படியார் தம் வாய்மொழியாக இருமுறை உறுதிபடக் கூறியபடி, எல்லாக் கிரகங்களும் அவருடையவையே. அவற்றுள் நீருலகமும் அடங்குவதால் குழாய்க்குத் தடையில்லை. கடை நிற்பதற்குத் தேவையான தரை பிற உலகங்களில் உள்ளது. மேலும், சகல உலகவாசிகளின் குறைகளையும் இனி உரிமையாளரே கேட்டு ஆவன செய்ய வேண்டும்.

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. "எங்க அண்ணன் இருக்கற மணலும் நம்மளுதுதானா?"

"நம்மளுதுதான்."

"அப்படிச் சொல்லுங்க!"

அன்று மாலை பின்வாசல் கதவு மெல்லத் தட்டப்பட்டது. பல் டாக்டர் நின்றார், கையில் துண்டு போட்டு மூடிய வாளி.

"அண்ணே, வாய் கொப்பளிக்கக்கூடத் தண்ணி இல்லாம பல்லைப் பிடுங்கிட்டிருக்கேன். மானம் போகுது."

"அப்ப பேசாம பூமிக்கே திரும்பிடுங்களேன் டாக்டர்."

"நல்லா இருக்கே! பூமிக்காரன்கிட்டப் போய்ப் பல்லைக் காட்டறதான்னு கேப்பாங்க."

பாவமாக இருந்தது. வாளியை நிரப்பிக் கொடுத்தார். டாக்டர் திரும்பினால் எதிரே மச்சான், தோளில் குடம்.

"என்னங்க, பாலைவனத்துலேர்ந்து இவ்வளவு தூரம்?" என்றார் டாக்டர்.

"சும்மா, தங்கச்சியைப் பார்த்துட்டுப் போலாம்னு."

"குடத்தோடயா?"

"நிலாவுலேர்ந்து வாளியோட வரும்போது நான் குடத்தோட வரக்கூடாதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு தெருவெல்லாம் பரவியது. அடுத்த வாரத்துக்குள் முன்பக்கத் தெருவில் கிரகப் பெருமை, பின்பக்கச் சந்தில் வாளி வரிசை என்று ஊர் ஒழுங்காகிவிட்டது. சலவைக்கடைக்காரர் ஒருவரையும் விரட்டவில்லை. தன் துணிகளை அலசி முடித்ததும் குழாயை எல்லோருக்கும் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். சந்தோஷமாக இருக்கும். சகல உலகத்துக்கும் தண்ணீர் ஊற்றுகிறவன் என்றால் சும்மாவா!

ஒருநாள் வரிசையில் எழுத்தரே நின்றார், இரண்டு வாளியோடு.

"நீங்க எந்த உலகம் சார்?"

"உடம்பே இல்லாம வெறும் எண்ணமா வாழற உலகம். செலவே கிடையாது."

"உடம்பு இல்லாதவருக்கு எதுக்கு ரெண்டு வாளி?"

"வீட்டுக்காரிக்கு உடம்பு இருக்கே!"

தண்ணீர் பிடிக்கும்போதே எழுத்தருக்கு உத்தியோகப் புத்தி வேலை செய்தது. சலவைக்கடைக்காரரின் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, இத்தனை கிரகத்து ஜனமும் வந்து போகுதே, இது எந்த உலகம்?"

"உலகமாவது மண்ணாங்கட்டியாவது! இது எங்க பின்வாசல்."

எழுத்தர் அலுவலகத்துக்குப் போய் அதை அப்படியே தட்டச்சு செய்தார்.

புதிய உலகம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகவும், அதன் பெயர் "பின்வாசல்" எனவும், அங்கே நீர்வளம் உண்டு எனவும் அறிவிப்பு வந்தது. நாகரிகம் ஒரே தாவில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. டாக்டர் மூன்று நிலாவையும் உதறிவிட்டு முதல் ஆளாய்ப் பின்வாசல்வாசி ஆனார். மச்சானுக்கு மணல் கசந்துவிட்டது. குழாயைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி வந்தது, நாற்காலியில் பதவி உயர்வோடு எழுத்தர் வந்தார்.

காலையில் அழுக்குமூட்டையோடு போன சலவைக்கடைக்காரரை வேலி தடுத்தது.

"அனுமதி இருக்கா?"

"என்ன சார் விளையாடறீங்க? எல்லாம் என் கிரகம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா. அன்னிக்கு இருந்த எல்லாம். இது அப்புறம் கண்டுபிடிச்சது."

"என் வீட்டுப் பின்வாசல் சார் இது!"

"பேர் ரொம்பப் பொருத்தம்னுதான் மேலிடத்துலயும் சொன்னாங்க."

"அப்ப எனக்கும் இங்க ஒரு இடம் போட்டுக் குடுங்க."

"அத்தனை கிரகம் வச்சிருக்கறவருக்கு இன்னொண்ணு தர விதி இல்லையே. வேணும்னா எல்லாருக்கும் பின்னாடி நின்னு, மிஞ்சினா பிடிச்சுக்கங்க."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வரிசையைப் பார்த்துக் கத்தினார். "ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! டாக்டர்! மச்சான்! யார் தண்ணி இது?"

வரிசை முழுவதும் குழாயையே பார்த்தது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லலாம்தான் அண்ணே. ஆனா நீங்க முன்னாடி வந்தா எங்க முறை ஒண்ணு தள்ளிப் போகுமே?"

"அதானே," என்றார் மச்சான்.

வரிசை நீண்டுகொண்டே போனது. இன்னும் நின்று நியாயம் பேசினால் மிச்சமும் தீர்ந்துவிடும் என்று தோன்றவே, சலவைக்கடைக்காரர் உள்ளே ஓடி ஒரு வாளியை எடுத்துக்கொண்டு சந்தின் கோடிக்குப் போய் நின்றார்.

சற்று நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் குடமும் கையுமாய் மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, இங்க ஒரு சலவைக்கடைக்காரர் இருக்காராமே? யார் வந்தாலும் இல்லேன்னு சொல்லாம தண்ணி விடுவாராமே? அவரைக் கொஞ்சம் பார்க்கணும்."

சலவைக்கடைக்காரர் தன் வாளியைக் காலால் ஓரடி முன்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"அவரெல்லாம் வேற உலகம்," என்றார். "நீங்க எனக்குப் பின்னாடி நில்லுங்க."