வடித்த தயிருக்கு ஏடு கேட்டவர்

அசல்தேடியார் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, கடைக்காரர் நீட்டிய கரண்டியை வாங்கி, கண்ணை மூடி, ஒரு வாய் தயிரை நாக்கின் நுனிக்கும் அடிக்கும் இரண்டு முறை நடக்கவிட்டு, பின்னால் பதினோரு பேர் காத்திருப்பதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விட்டு, கடைசியில் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தபடி ஒரு தீர்ப்புச் சொல்வாரே, அவர்தான். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்ல."

எது அது? கேட்டுவிடாதீர்கள். சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் கிரேக்க நாட்டில் இந்த இனம் ஆலிவ் எண்ணெயிலும் இருக்கிறது, தேனிலும் இருக்கிறது. ஆனால் கொழுத்து வளர்வது தயிரில்தான். எண்ணெயில் ஏமாந்தால் அவர் ஒருநாள் வருத்தப்படுவார். தயிரில் ஏமாந்தால் குடும்பமே வருத்தப்படும்படி பார்த்துக்கொள்வார். இந்த இனத்தின் தலைவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் ஏதென்ஸில் பங்க்ராதிப் பகுதியில் கடை வைத்திருக்கும் அரிஸ்தீதிஸைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு இதுவே பிழைப்பு. 'அசல் வடித்த தயிர், மொத்தமாகவும் சில்லறையாகவும்' என்று பலகை மாட்டியிருக்கிறார். துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை இறக்கிய கெட்டித் தயிர் அது. நகரத்தில் முப்பது கடைகளும் உணவகங்களும் அவர் கை காட்டும் தயிரைத்தான் வாங்குகின்றன.

ஆண்டுதோறும் ஈஸ்டர் முடிந்ததும் குளிர்பெட்டி வைத்த வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே தெஸ்ஸாலிப் பக்கம் கிளம்பிவிடுவார். சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றிய சொந்த மரக்கரண்டி. தயிரில் உலோகம் பட்டால் அவருக்குத் தலை வலிக்கும். கரண்டியைத் தயிரில் நட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அது சாய்கிறதா என்று காத்திருப்பார். ஆடு மேய்ந்தது மலையின் வடக்குச் சரிவா தெற்குச் சரிவா என்று ருசியிலேயே கண்டுபிடித்து அறிவிப்பார். மேய்ப்பர் மறுத்தால் மேய்ப்பருக்குத் தெரியாது என்பார். கடைசியாகக் கிண்ணத்தைத் தன் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடிப்பார். அசலானால் விழாது. லாமியாவில் ஒருமுறை விழுந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் என்ன தயிர் என்று நினைக்கிறீர்கள்? முனைக்கடையில் அவர் மனைவி வாங்கி வரும் பிளாஸ்டிக் டப்பாத் தயிர். தேன் ஊற்றி இரண்டு கிண்ணம். கேள்வி ஒன்றும் கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு வசந்தத்தில் கார்டித்சாவுக்கு வெளியே எவாந்தியாவின் பால்பண்ணைக்கு வந்து சேர்ந்தார். எவாந்தியா அவரைக் கடவுளை எதிர்பார்ப்பதுபோல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரின் பெரிய பண்ணை மூடிவிட்டதால் அங்கே பால் ஊற்றிய மூன்று மேய்ப்பர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஈஸ்டர் அன்று தேவாலய வாசலில், கையில் பண்டிகைக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டையோடு, ஊரே கேட்க, "எங்கிட்ட கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். நல்ல நாள், நல்ல மனது, வாய் முந்திக்கொண்டது. மறுவாரம் பால் வெள்ளமாக வந்தது. ஊரும் சுற்றுப்பக்கமும் எவ்வளவு தயிர்தான் தின்னும்? ஏதென்ஸ்காரர் கை கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்த மூன்று பேர் முகத்தையும் பார்த்து வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். அவர்களில் ஸீஸிஸ் என்பவர் மந்தையை விற்றுவிடலாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார்.

அரிஸ்தீதிஸ் கரண்டியை நட்டார். சாயவில்லை. கவிழ்த்தார். விழவில்லை. ருசி பார்க்கிறேன் என்று ஆறு கரண்டி தின்றார். எவாந்தியா எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். எவாந்தியாவுக்கு மூச்சு வந்தது. "ஆனா இது அது இல்ல."

"எது இல்லங்கய்யா?"

"ஏடு எங்க?"

எவாந்தியாவின் தம்பி கிளியாந்தீஸ், துணிமூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்த்தான்.

"வடிச்ச தயிருக்கு ஏதுங்க ஏடு?" என்றாள் எவாந்தியா. "துணியில கொட்டித் தொங்கவிட்டா ஏடும் அதுலயே கலந்துடுமே. ஏடு வேணும்னா அதோ சட்டித் தயிர் இருக்கு, வடிக்காதது. மேல விரல் கனத்துக்கு இருக்கு, பாருங்க."

"சட்டித் தயிர் ஊரு பூரா கெடைக்கும், தங்கச்சி. நான் கேக்கறது வடிச்ச தயிர், மேல ஏட்டோட. அசல்னா அதுதான்."

"முப்பது வருஷமா வடிக்கிறேன். நான் கண்டதில்ல."

"நீ எப்படிக் காண்பே? அழிஞ்சுபோச்சே," என்றார் அரிஸ்தீதிஸ், துக்க வீட்டுக் குரலில்.

அவர் அதைக் கண்டது பட்டாளத்தில் இருந்தபோதாம். கொஸானி போகும் பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை, பெயர் நினைவில்லை. இருபது நாள் பட்டாளத்துப் பயறு தின்ற நாக்கில் அந்தத் தயிர் பட்டதும் அழுதுவிட்டாராம். கரண்டி நிற்குமளவு கெட்டி, மேலே மஞ்சள் ஏடு. எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், அன்று மேசைக்கு இரண்டு கிண்ணம் வந்திருக்கிறது. ஒன்று வடித்தது, ஒன்று சட்டித் தயிர். பசித்த வயிற்றில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதையே நாற்பது வருடமாக நாடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"மேல மலையில இன்னும் ரெண்டு பேரைப் பாக்கணும். சனிக்கிழமை இந்த வழியாத்தான் திரும்புவேன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி முனை திரும்பியதும் கிளியாந்தீஸ் வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்தாளு கேக்கறது ஏடு. நம்மகிட்ட ஏடு இருக்கு. சட்டியிலேர்ந்து எடுத்து இதுமேல போத்திவிட்டா என்ன?"

"ஏமாத்தச் சொல்றியா?"

"இதுல என்ன ஏமாத்து? நம்ம பாலு, நம்ம ஏடு. எடம்தான் மாறுது."

மதியம்வரை எவாந்தியா அவனைத் திட்டித் தீர்த்தாள். நம் அப்பா இருந்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பார் என்றாள். மதியத்துக்கு மேல் ஸீஸிஸ் வந்து பால் கேன்களை இறக்கினார். வழக்கமாக வம்பளக்கிறவர், அன்று ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனார். அவர் போனதும் எவாந்தியா தட்டைக்கரண்டியைத் தானே தேடி எடுத்தாள்.

சனிக்கிழமை அரிஸ்தீதிஸ் முன்னால் ஒரு மண்சட்டியை வைத்தாள். மேலே சுருக்கம் விழுந்த மஞ்சள் ஏடு. கரண்டி ஏட்டைக் கிழித்து உள்ளே போய் நட்டுக்கொண்டு நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே கவிழ்க்கவில்லை. ஒரு வாய் வைத்தார். கிழவரின் கண் கலங்கிவிட்டது. சிரிக்கத்தான் இதை எழுதுகிறேன், ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருக்கிறது.

"இதுதான் அது," என்றார், சத்தமே வராமல்.

எவாந்தியாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஏடு வந்து…"

"சொல்லாத," என்று கையை உயர்த்தினார் அரிஸ்தீதிஸ். "தொழில் ரகசியம். நான் கேக்கவே மாட்டேன்."

உண்மை வாசல்வரை வந்தது. அவரே கதவைச் சாத்திவிட்டார்.

வாரம் முந்நூறு சட்டி கேட்டார். அன்றிலிருந்து எவாந்தியாவின் பண்ணையில் நடந்ததைக் கேளுங்கள். பாலைச் சட்டியில் உறைய வைப்பார்கள். ஏடு படிந்ததும் கிழியாமல் எடுத்துத் தட்டில் பரப்புவார்கள். மிச்சத்தைத் துணியில் கொட்டித் தொங்கவிடுவார்கள். வடிந்ததும் அதே சட்டியில் அடைத்து, அதே ஏட்டை அதன் தலையில் போர்த்துவார்கள். தூங்கும் குழந்தைமேல் போர்வை இழுத்துவிடுவதுபோல் கிளியாந்தீஸ் அதில் கைதேர்ந்துவிட்டான். உலகத்தில் இல்லாதிருந்த ஒரு அசல் இப்படியாக உண்டாயிற்று. மூன்று மேய்ப்பர்களின் பாலும் செலவாயிற்று. ஸீஸிஸ் மந்தையை விற்கவில்லை; மறுபடி வம்பளக்க ஆரம்பித்தார்.

பங்க்ராதியில் வரிசை நின்றது. ஒருவர் விடாமல், "ஆகா, அந்தக் காலத்துத் தயிர்," என்றார்கள். எந்தக் காலம்? ஒரு கனவான், தன் தாயார் இப்படித்தான் செய்வார் என்று கடையிலேயே கண்ணீர் விட்டார். யாருடைய தாயாரும் இப்படிச் செய்ததில்லை. மறுவருடம் திரிகலாவில் இரண்டு பண்ணைகள் 'பழைய முறைப்படி, ஏட்டுடன்' என்று எழுதி விற்கத் தொடங்கின.

இத்தோடு முடிந்திருந்தால் இது அரிஸ்தீதிஸின் கதை. முடியவில்லை.

மூன்றாம் வசந்தத்தில் கேட்ட அளவுக்கு எவாந்தியாவால் கொடுக்க முடியவில்லை. வேறு பண்ணையில் வாங்கிக் கலந்து அனுப்பலாம் என்று, தம்பியைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் ஆர்கிரோ என்பவள் புதிதாக நடத்தும் பண்ணைக்குப் போனாள். வாசலில் இரண்டு மேய்ப்பர்கள் பால் கேன்களோடு நின்று, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கிரோ வெள்ளைக் கிண்ணத்தில் வடித்த தயிர் கொண்டுவந்தாள். எவாந்தியா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு மரக்கரண்டி. எப்போது வாங்கினாளோ, தம்பிக்கே தெரியாது. நட்டாள். நின்றது. கண்ணை மூடி ருசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இது அது இல்ல."

"எதும்மா இல்ல?"

"ஏடு எங்க?"

"வடிச்ச தயிருக்கு ஏதும்மா ஏடு?" என்றாள் ஆர்கிரோ, ஒன்றும் புரியாமல்.

எவாந்தியா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ சின்னவ. உனக்கெப்படித் தெரியும்? இன்னும் ரெண்டு எடம் பாக்கணும். சனிக்கிழமை இந்த வழியாத்தான் வருவேன்."

கிளியாந்தீஸுக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் போய்விட்டது. வண்டியில் ஏறியதும் கேட்டான்.

"ஏன்க்கா, அந்த ஏட்டை எடுத்து மேல போட்டதே நாமதானே?"

"ஆமா. போடலாம்னு உனக்குத் தோணிச்சில்ல? முன்னாடி யாரும் போடாமலா உனக்குத் தோணும்?"

பார்த்தீர்களா? இது தொற்றிக்கொள்ளும் வகை. ஏமாந்தவரைவிட ஏமாற்றியவரை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். உங்களுக்குத் தயிர் தயிர்தான். ஆனால் ஒன்று. இதைப் படித்து முடித்த கையோடு மூக்கால் ஒரு மூச்சு விட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தக் காலத்துல எழுதினாங்களே…" என்று ஆரம்பித்தீர்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். உதட்டோரம் ஏடு ஒட்டியிருக்கிறது. துடைத்துக்கொண்டு சொல்லுங்கள்.