கருக்காத முகம்

ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கத்தான் போவேன் என்று முடிவு செய்துவிட்டேன். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மச்சான் லோகேஸ்வரனின் வேலிக்குச் சாயம் அடிக்கப் போவதில்லை. யார் சொன்னாலும் போவதில்லை. இதை என் மனைவி துளசியிடம் மட்டும் சொல்லவில்லை. வீரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

அவளிடம் சொன்னது வேறு. பாயான் லெப்பாஸ் கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் ஓவர்டைம், நாள் முழுக்க தூசி நுழையாத கிளீன் ரூமில் வேலை என்றேன். கல்யாணத்துக்கு முன் அவளும் அங்கே வேலை பார்த்தவள்தான். அதனால் மேற்கொண்டு கேள்வி இல்லை.

போன மாதம் இதே பொய்யைச் சொல்லிக் கடலோரம் உட்கார்ந்து, தோசைக்கல் நிறத்தில் திரும்பி வந்து மாட்டிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு உண்டு, குழம்பு இல்லை. இந்த முறை மூளையைப் பயன்படுத்தினேன். மருந்துக்கடைக்குப் போய் சன்ஸ்கிரீன் கேட்டேன்.

கடைப்பெண் ஐனா, எந்த வகைத் தோல் என்று கேட்டாள். மனிதத் தோல் என்றேன். அவள் சிரிக்கவில்லை. முகத்தைக் கழுவி, ஒன்றும் பூசாமல் கொஞ்ச நேரம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றிப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்குப் போய் ஒற்றினேன். வந்த எண்ணெயில் வடை சுடலாம். மறுநாள் விவரம் சொன்னதும், வறண்ட தோலுக்குத்தான் கெட்டி கிரீம், உங்களுக்கு ஜெல் என்று வாசனையில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வேர்த்தால் மறுபடி பூசவேண்டுமாம்.

பூசினேன். மீன் பிடித்தேன். மறுபடி பூசினேன். கைக்கு முழுக்கைச் சட்டை, மீனெல்லாம் நண்பனுக்கு. மாலையில் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் பார்த்தால், காலையில் கிளம்பிய அதே முகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

"வேலை எப்படிங்க?" என்றாள் துளசி.

"கிளீன் ரூம விட்டு வெளியவே வரல லா. வெயில கண்ணாலகூட பாக்கல. மூஞ்சப் பாரு."

பார்த்தாள். கன்னத்தை ஒரு விரலால் தடவி, விரலை விளக்கில் காட்டினாள். பளபளத்தது.

"நான் அங்க வேல பாத்தப்ப, கொஞ்சம் பவுடர் போட்டதுக்கே என்னை கிளீன் ரூம் வாசல்ல நிறுத்தி, மூஞ்சி கழுவிட்டு வரச் சொன்னாங்க. சிப்பு கெட்டுப்போயிடுமாம். உங்கள மட்டும் இவ்ளோ கிரீமோட உள்ள விட்டாங்களா?"

அவள் சண்டை போடவில்லை. அமைதியாக போனை எடுத்தாள்.

"அண்ணே, அடுத்த ஞாயிறு இவர் வர்றாரு. வேலியோட கூரைக்கும் சேர்த்து சாயம் வாங்கி வைங்க. உச்சி வெயில்னாலும் பரவால்ல, இவர் மூஞ்சி கருக்காது."