முப்பத்துமூணு அங்குல ஆசை

சிங்கப்பூரில் சேற்றைத் தேடி அலைந்த ஒரே மனிதர் எங்கள் முப்பத்துமூணு அண்ணன்தான். நாடு முழுக்கத் தார் போட்டு, கோடு கிழித்து, ஓரத்தில் பூச்செடியும் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு மட்டும் ஆறாத மனக்குறை.

"ஒரு குழி இல்ல பிரதர். ஒரே ஒரு குழி!" என்பார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் யாரும் அதைச் சொல்வதில்லை. பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல் ஒரு பழைய ஜீப்பை அவர் வாங்கினார். காடு மலை ஏறப் பிறந்த வண்டி. கம்பெனி போட்டு அனுப்பிய டயர் முப்பத்தோரு அங்குல உயரம். அண்ணனுக்கு முப்பத்துமூன்று வேண்டும். அந்த இரண்டு அங்குலம்தான் அவருடைய பெயர், கனவு, குடும்பச் சண்டை எல்லாமே.

எங்கள் கோயில் பங்குச் சாமியாருக்குக்கூட முதலில் விஷயம் தெரியாது. அண்ணனின் பாட்டுப் புத்தக அட்டையில், சாவிக்கொத்தில், தண்ணீர்ப் புட்டியில் எல்லாம் '33' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஆண்டவர் இந்த உலகில் வாழ்ந்த முப்பத்துமூன்று ஆண்டுகளை இவ்வளவு பக்தியோடு நினைக்கும் மனிதரா என்று கண் கலங்கிவிட்டார். பாடகர் குழுவில் இருந்த நாங்கள் யாரும் அவரைத் திருத்தவில்லை.

டயர் மாற்றுவது என்றால் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். அண்ணன் அட்டைப்பெட்டி தேடிப் போனார். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என மூன்று வட்டங்கள் செய்தார். கார் நிறுத்தும் இடத்தில் மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றாகச் சக்கரக் குழிக்குள் வைத்துப் பார்ப்பார். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்கே உரசும், பள்ளத்தில் இறங்கினால் எங்கே இடிக்கும் என்று பென்சிலால் குறிப்பார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த நான்காம் மாடிக்காரர் ஆம்புலன்ஸுக்கே போன் செய்துவிட்டார்.

அண்ணனுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. நாள் முழுக்க ஊரையெல்லாம் மேலே தூக்கிவிடுகிறவருக்குத் தன் வண்டியை ஒரு அங்குலம் தூக்க வீட்டில் அனுமதி இல்லை. மனைவி மேரி அக்கா நர்ஸ். கேள்விகள் ஊசிபோல் இறங்கும்.

"எதுக்கு லா பெரிய டயர்? நீங்க தினம் தாண்டுறது ஸ்பீட் ஹம்ப் தானே?"

"ஒரு அவசரம்னு வந்தா..."

"என்ன அவசரம்? ஃபேர்பிரைஸ் சூப்பர் மார்க்கெட் வாசல்ல வெள்ளம் வருமா?"

அண்ணனுக்கு ஆறுதல் தந்தவர் ஜாலான் புசாரில் டயர்க்கடை வைத்திருந்த பாய். முதல் நாளே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்த வண்டிக்கு முப்பத்திரண்டு வரைக்கும் ஒண்ணும் வெட்ட வேணாம். முப்பத்துமூணுன்னா ஸ்பிரிங்கத் தூக்கணும், உள்ள பிளாஸ்டிக்க வெட்டணும், பின்கதவுல தொங்குற ஸ்பேரையும் மாத்தணும். அப்புறம் வண்டிச் சோதனையில நிப்பாட்டிடுவான். ஒரு சைஸ் மேல போங்க, நிம்மதியா இருங்க."

"சரி பாய், யோசிச்சிட்டு வரேன்" என்றார் அண்ணன். அந்த யோசனை ஒன்றரை வருடம் நடந்தது. சனிக்கிழமைதோறும் போய் உட்கார்ந்து யோசித்ததில், அவருக்கென்று கடையில் ஒரு நாற்காலியே ஒதுக்கிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அண்ணனே டயர் விளக்கம் சொல்லி இரண்டு பேருக்கு விற்றும் கொடுத்திருக்கிறார்.

யோசித்துக் களைத்தால் என்னைத் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவார். அங்கேயும் நிம்மதி இல்லை. சாதா தோசையைக் காட்டி, "இது ரோட்டு டயர், வழுவழுன்னு இருக்கு பாருங்க" என்பார். வெங்காய ஊத்தப்பத்தைக் காட்டி, "இது ஆல் டெரெய்ன், எந்தத் தரையிலயும் ஓடும். இந்தக் கட்டி இருக்குல்ல, இதுதான் சேத்தைப் பிடிக்கும்" என்று சட்னியில் அழுத்தி நிரூபிப்பார். பசியோடு போன நான் ஆறிப்போன ஊத்தப்பத்தைத்தான் தின்றிருக்கிறேன்.

அடுத்த சிக்கல் எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் வாசலில் தொங்கிய உயரத் தடுப்புக் கம்பி. கூரை மேல் சாமான் வைக்கும் கம்பிச்சட்டத்தோடு வண்டி நுழையும்போது ஒரு விரல்தான் இடைவெளி. பெரிய டயர் போட்டால் இடிக்கும். அண்ணன் பாடகர் குழுவில் எடை அதிகமான நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். முதல் பெயர் என்னுடையது. எங்களைப் பின்னால் அடைத்து உட்காரவைத்து, வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று டேப் வைத்து அளந்தார்.

"அண்ணே, நீங்க வண்டி எடுக்கும்போதெல்லாம் நாங்க வந்து உக்காரணுமா?"

"வெளிய போக வேணாம் பிரதர். உள்ள வர்றப்ப மட்டும்" என்றார், மிகப் பெரிய சலுகை தருகிற குரலில்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து என் தாய்மாமன் மகள் பிலோமினா அழைத்தாள். மாமா கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருந்தார். என் அம்மாவோடு பிறந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியல. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஆனா மூணு நாளா மழை. தோட்டத்து ரோடு சேறாப் போச்சு, டாக்சி எதுவும் உள்ள வரமாட்டேங்குது."

என்னிடம் கார் இல்லை. அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சாவியை எடுத்துவிட்டார். மறுநாள் காலை புது டயருக்காகப் பாய் கடைக்குப் போவதாக இருந்தார் என்பதை மேரி அக்கா சொல்லித்தான் அறிந்தேன். "முப்பத்திரண்டுக்கு இப்பதான் ஒத்துக்கிட்டாரு. நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றார் அக்கா. ஆனால் எங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்.

தோட்டத்து வாசலில் மறுநாள் பதினோரு மணிக்கு நின்றோம். எதிரே பாதை என்று சொல்ல எதுவும் இல்லை. மிளகாய் அரைத்து ஊற்றியதுபோல் சிவப்புக் குழம்பு. அண்ணன் இறங்கினார். வாழ்நாள் முழுக்கத் தேடிய சேறு. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பிரதர், நான் இத வீடியோலதான் பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக.

பிறகு குனிந்து ஒவ்வொரு டயரிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தார். டயர்கள் பரந்து தரையைக் கவ்வின. கீழ் கியரைப் போட்டார். பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. வண்டி வழுக்கியது, நெளிந்தது, ஒரு முறை பக்கவாட்டிலேயே போனது. "மரியே, மன்னிச்சிரு, மரியே, காப்பாத்து" என்று அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மாதாவிடம் கேட்டாரா, மனைவியிடம் கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. நாற்பது நிமிடத்தில் மாமா வீட்டு வாசலில் நின்றோம்.

மாமா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைச் சிறு வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொன்னார். இரண்டு மணி நேரம் விடவே இல்லை. அதன்பின் நான்கு நாள்தான் உயிரோடு இருந்தார். அந்த இரண்டு மணி நேரமும் அண்ணன் வாசலில் நின்று, பிலோமினா கொடுத்த தேநீரைக் குடித்தபடி டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும்போது என்னைக் கூப்பிட்டார். கோபமாக இருந்தார்.

"பாத்தீங்களா பிரதர்? இந்தப் பழைய டயரே போயிட்டு வந்துருச்சு!"

"நல்லதுதானே அண்ணே?"

"என்ன நல்லது! ஒன்றரை வருஷமா இது போகாதுன்னு மேரிகிட்ட சொல்லிட்டிருக்கேன். இப்ப என்ன சொல்லுவேன்?" காற்றுக்குழாயைக் கையில் பிடித்தபடி அவர் நின்ற நிலையைப் பார்த்தால், துக்கம் என் வீட்டிலா அவர் வீட்டிலா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மேரி அக்கா என்னை வாசலில் நிறுத்தினார். நான் கோயிலில் வாசகம் வாசிக்கிறவன். பொய் சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கை அவருக்கு.

"நீங்க சொல்லுங்க தம்பி. அந்தச் சேத்துல நம்ம டயர் எப்படிப் போச்சு?"

அக்காவுக்குப் பின்னால், தூணருகில் அண்ணன் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"தப்பிச்சதே பெரிய விஷயம் அக்கா" என்றேன். "ஒரு சைஸ் பெரிய டயர் இல்லாம இனிமே அந்தப் பக்கம் போகவே கூடாது."

அந்த வாரமே முப்பத்திரண்டு அங்குல டயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய்விட்டேன். அந்தப் பொய்யை மட்டும் இதுவரை சொல்லவில்லை. வருத்தம் வந்தால்தானே சொல்ல முடியும்.