போட்டோவிலே சடை இருக்கு

விருதுநகரில் கடல் கிடையாது. ஊருக்கும் கடலுக்கும் உள்ள ஒரே உறவு கருவாடு. அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்கு மேலே மாடியில், ‘கடல் யாத்திரை அனுமதி ஆபீஸ்’ என்று பலகை மாட்டினார்கள். கடற்கரையில் ஆபீஸ் வைத்தால் ஜனங்கள் பாட்டுக்கு அனுமதி வாங்காமலே கப்பல் ஏறிவிடுவார்களாம்; சர்க்காரின் தீர்க்கமான யோசனை அது. மனுக் கொடுக்க வருகிறவர்கள் கீழேயிருந்து கிளம்பும் வத்தல் நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நிற்பார்கள். ஊரைப் பிரிய மனமில்லாமல்தான் அழுகிறார்கள் என்று சூப்பிரண்டு சீனிவாசகம் முடிவுகட்டி, ‘யோசித்து வருக’ என்று மனுவில் எழுதி அனுப்பிவிடுவார். நல்ல மனுஷன்.

மல்லாங்கிணற்றுச் சோலைமலைக்குக் கப்பலில் போகவேண்டிய அவசியம் ஏதுமில்லை. பருத்தியும் மிளகாயும் போட்டுக்கொண்டு, மழை வருமா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் அந்த 1958-ல் கப்பல் ஏறுவது நம் பக்கத்தில் பெரிய நாகரிகமாகிக் கிடந்தது. ரயிலில் தனுஷ்கோடி போகவேண்டியது, ரெண்டு மணி நேரம் கப்பலில் உட்காரவேண்டியது, தலைமன்னாரில் இறங்கி ஒரு டீத்தண்ணி குடிக்கவேண்டியது, அப்படியே திரும்பி வந்துவிடவேண்டியது. அக்கரையில் ஒரு வேலையும் இருக்கக் கூடாது. வேலை இருந்தால் அது பிழைப்பு, நாகரிகத்தில் சேராது. பெண்டாட்டியோடும் சின்னப் பிள்ளையோடும் போனால் இன்னும் உசத்தி.

சோலைமலையின் சகலை மொக்கைச்சாமி, எம். புதுப்பட்டியில் வெடிக் கம்பெனி வைத்திருப்பவர், முந்தின வருஷம் குடும்பத்தோடு கப்பல் போய்விட்டு வந்திருந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கப்பல் முன்னால் நிற்கிற மாதிரி சிவகாசியில் கலர்க் காலண்டர் அடித்துச் சொந்தக்காரர் வீடு அத்தனையிலும் மாட்டிவிட்டார். அந்தக் கப்பலில் நாலு புகைபோக்கி, அடியில் ஒரு தாமரைப்பூ.

அதுவும் போகட்டும். சோலைமலையின் வயிறு எரிந்தது காலண்டருக்காக இல்லை. விருதுநகரில் மாமனார் வீட்டில் வருஷா வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விருந்து. மூத்த மருமகன் என்ற முறையில் பதினாறு வருஷமாகப் பந்தியில் முதல் இலை சோலைமலைக்குத்தான். போன பங்குனியில் மாமனார் கை நீட்டி, “கப்பல் போயிட்டு வந்த மாப்ள, இங்கன வாங்க” என்று மொக்கைச்சாமியை முதல் இலையில் உட்காரவைத்துவிட்டார். சோலைமலை இரண்டாம் இலை. அந்த வீட்டுப் பாயசத்தில் முந்திரிப்பருப்பு முதல் இலையோடு தீர்ந்துவிடும் என்பது பதினாறு வருஷமாக அவருக்குத் தெரியாமலே இருந்தது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார். “வீரலட்சுமி, அடுத்த பங்குனிக்குள்ள நாம கப்பல் ஏறுதோம். எனக்கு அந்த இலை திரும்ப வேணும்.”

“எலைக்காகவா கடலத் தாண்டணும்? நல்லா இருக்கே கூத்து! நம்ம தோட்டத்துல வாழையா இல்ல?” என்றாள் அவள். ஆனாலும் தங்கச்சி சொர்ணலட்சுமி வாயைத் திறந்தாலே கப்பல் கப்பல் என்று பீற்றிக்கொள்வதில் அவளுக்கும் உள்ளே புகைச்சல்தான். சம்மதித்துவிட்டாள்.

சோலைமலை மனுவோடு மாடி ஏறினார். கண்ணில் நீர் வடிய நின்றார்.

“போற காரியம் என்ன?” என்றார் சீனிவாசகம்.

“சும்மாதான் சார்.”

“பாரத்தில் வியாபாரம், உத்தியோகம், வைத்தியம், துக்கம்னு நாலு இருக்கு. சும்மா இல்லை.”

“அப்ப துக்கம்னு போட்டுக்கோங்க சார்.”

“இறந்தது யாரு?”

“யாரும் இல்ல சார். மொத எலை போச்சு.”

சீனிவாசகம் அவருடைய கண்ணீரைப் பார்த்தார். ‘துக்கம்’ என்று எழுதிக்கொண்டார். “குழந்தை போட்டோ எங்கே?”

மகன் பெத்தணனுக்கு அப்போது மூன்று வயசு. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. நம் பக்கத்தில் ஆண் பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன்னால் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு, ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். சர்க்காருக்கு மட்டும் யாரும் எழுதிப் போடவில்லை. பட்டுப் பாவாடையில், ஒரு கையில் ஸ்டூடியோக்காரரின் காகிதப் பூவோடு பெத்தணன் மகாலட்சுமி மாதிரி இருந்தான். சீனிவாசகம் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒட்டி, பாதி படத்தின் மேலும் பாதி காகிதத்தின் மேலும் விழுகிற மாதிரி ‘டக்’கென்று முத்திரை குத்தினார். பக்கத்தில் ‘ஆண்’ என்று எழுதியிருந்தது. இரண்டும் அருகருகே ஆறு மாசம் அமைதியாகக் கிடந்தன.

மாசி மாசம், குழந்தையை நேரில் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. “நேர்ந்துக்கிட்ட முடியோட புள்ள கடலத் தாண்டக் கூடாது” என்று வீரலட்சுமி ஒரே பிடிவாதமாக நின்றதால், அதற்கு முந்தின வாரம்தான் குலசாமி கோயிலில் மொட்டை போட்டிருந்தார்கள். பளபளவென்று சந்தனம் பூசிய தலையோடு, அரைஞாண் தெரிய, பெத்தணன் சூப்பிரண்டின் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தான்.

சீனிவாசகம் படத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இந்தப் பெண்குழந்தை எங்கே?”

“இவந்தான் சார் அது.”

“அது பெண். இது ஆண்.”

“மொட்டைக்கு முன்னாடி எடுத்தது சார். அவுத்துக் காட்டட்டுமா?”

“யாரை? படத்தில் உள்ளதையா?” சீனிவாசகம் நாற்காலியில் சாய்ந்தார். “இதோ பாருங்க. ஆண்னு எழுதிப் பெண்ணைக் கொண்டுபோகப் பாக்கிறீங்க. இல்லை, பெண்ணைக் காட்டி ஆணைக் கொண்டுபோகப் பாக்கிறீங்க. ரெண்டில் எதுன்னு சொல்லிட்டா எனக்கு வேலை சுலபம்.”

“வேற போட்டோ எடுத்துட்டு வந்துருதேன் சார்.”

“முத்திரை குத்தின படத்தைப் பிரிப்பது குற்றம்.”

“அப்ப வேற மனுப் போடுதேன்.”

“இதற்கு முன் மனுப் போட்டதில்லைன்னு அதில் கையெழுத்துப் போடணும். போட்டா அது பொய்க் கையெழுத்து.”

சோலைமலைக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவை வத்தலால் இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் இருபது நாள்தான். முதல் இலை கண் முன்னால் வந்து நின்றது. ஓரத்தில் முந்திரிப்பருப்பு.

சீனிவாசகத்துக்கு மனசு இளகியது. கோப்பைப் புரட்டி யோசித்தார். “ஒரு வழி இருக்கு. இந்தப் பையனுக்கு மனு இருக்கு, படம் இல்லை. ஆக, நிராகரிப்பு. அந்தப் பெண்ணுக்குப் படம் இருக்கு, முத்திரையும் இருக்கு, பேர்தான் இல்லை. பேரைச் சொல்லுங்க, அனுமதி தரேன். நீங்க ரெண்டு பேரும் மேற்படி பெண்குழந்தைக்குத் துணைன்னு போய்க்கலாம்.”

“பஞ்சம்மாள்” என்றார் சோலைமலை. அவருடைய அம்மா பேர். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

“நல்லது. பெற்றோர் கடல் கடந்திருக்கும்போது இந்த ஆண்குழந்தை ஊரில் யார் பொறுப்பில் இருக்கும்? ஒரு கண்ணியமான ஆள் பேர் வேணும்.”

சோலைமலைக்கு வேறே கண்ணியமான ஆள் ஞாபகத்துக்கு வரவில்லை. சகலை பேரைக் கொடுத்தார்.

இப்படியாகப் பெத்தணன் தாய்நாட்டில் பத்திரமாக விடப்பட்டு, செல்வி பஞ்சம்மாள் கப்பல் ஏறினாள். வீரலட்சுமி ஒரு குல்லாவில் தன் சவுரியை வைத்துத் தைத்து, பூச்சூட்டி, மகன் தலையில் மாட்டிவிட்டாள். “பொம்பளப் புள்ள பெத்துத் தரலேன்னு ஒங்க ஆத்தா அம்புட்டு ஏசுனாக. இப்ப சர்க்காரே குடுத்துருச்சு” என்று புருஷனை வேறே இடித்தாள். தனுஷ்கோடியில் சோதனை செய்த அதிகாரி படத்தில் சடையைத் தேடினார், இருந்தது, போகச் சொல்லிவிட்டார்.

கப்பல் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோலைமலை கடலைப் பார்க்கவில்லை. போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி, ஒரு தகர வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் குடித்த டீத்தண்ணியும் அந்த வாளிக்கே போனது. வீரலட்சுமி தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலசாமியிலிருந்து ஆரம்பித்துத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். பிள்ளை மட்டும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல்தளம் பூராவும் ஓடி, மீனைப் பார்த்துக் கை தட்டியது. “செத்தேன், பிழைச்சேன்” என்று கரை இறங்கிய சோலைமலை, ரயில் விருதுநகருக்குள் நுழைந்ததும் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பொங்கல் விருந்து வந்தது. மாமனார் வாசலுக்கே வந்து, “கப்பல் மாப்ள, வாங்க வாங்க!” என்று கையைப் பிடித்து முதல் இலையில் உட்காரவைத்தார். பக்கத்தில் மொக்கைச்சாமி. அதற்கடுத்து, அந்த இரண்டு வருஷத்தில் கப்பல் போய்வந்ததாகப் பேர் வாங்கிய சொந்தக்காரர்கள் நாலு பேர். கடல் அலையைப் பற்றி ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தார்கள்.

“என்ன சகலை, அலையெல்லாம் எப்படி?” என்றார் மொக்கைச்சாமி. “எனக்குத் தாலாட்டுன மாதிரி இருந்துச்சு.”

“எனக்குந்தான்” என்றார் சோலைமலை.

அந்த நேரம் பார்த்து, கையில் கோப்போடு சூப்பிரண்டு சீனிவாசகம் உள்ளே வந்தார். மல்லாங்கிணற்றுக்குப் போய்விட்டு, அங்கே சொன்ன தகவலின் பேரில் இங்கே வந்திருந்தார்.

“கப்பலில் போன பெண் திரும்பி வந்ததா, ஊரில் விட்ட ஆண் பத்திரமாக இருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுதவேண்டும். மொக்கைச்சாமி என்பது யார்? உங்க பொறுப்பில் விட்ட ஆண்குழந்தையைக் காட்டுங்க.”

மொக்கைச்சாமி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு விஷயம் பிடிபட்டு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றார். சகலையின் முதல் இலை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. “சார், உண்மையச் சொல்லிருதேன். இவருக்குப் பொம்பளப் புள்ளையே...”

“இருங்க இருங்க” என்றார் சீனிவாசகம். “எம். புதுப்பட்டி மொக்கைச்சாமியா? உங்க மனு ரெண்டு வருஷமா என்கிட்டே இருக்கே. யோசித்து வருகன்னு எழுதினேன். இன்னுமா யோசிக்கிறீங்க?”

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. எல்லாரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள். சீனிவாசகமும் பார்த்தார்.

“படம் நல்லா இருக்கு. ஆனா ஆபீஸ் திறந்து ஆறு வருஷத்தில் நான் கொடுத்த அனுமதி ஒண்ணே ஒண்ணுதான். செல்வி பஞ்சம்மாள். வேறு யாரும் இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறலை. ஏறியிருந்தால் குற்றம், வழக்குப் போடவேண்டியிருக்கும்.”

நாலு சொந்தக்காரர்களும் இலையில் இருந்த உப்பைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

“நீங்க ஏதோ உண்மை சொல்ல வந்தீங்களே?” என்றார் சீனிவாசகம்.

“ஆமா சார்” என்றார் மொக்கைச்சாமி. “இவருக்குப் பொம்பளப் புள்ளையே இருந்தாலும், பெத்தணனை எம்பொறுப்புல எம்புட்டு நம்பி விட்டாருன்னு சொல்ல வந்தேன். தங்கமான பய சார்.”

தங்கமான பயலை வீரலட்சுமி தூக்கி வந்து காட்டினாள். சீனிவாசகம் எழுதிக்கொண்டார். அவனையே உள்ளே தூக்கிப் போய்ப் பாவாடையும் குல்லாவும் மாட்டி மறுபடியும் கொண்டுவந்தாள்.

“ரெண்டையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடாதா?”

“சேர்ந்தா அடிச்சுக்குவாக சார்” என்று பந்தியே ஒரே குரலில் சொன்னது.

அந்த நேரத்தில் பஞ்சம்மாளுக்குத் தலை அரித்தது. குல்லாவைக் கழற்றிச் சாம்பார் வாளிக்குள் போட்டுவிட்டு மொட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். சோலைமலை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சீனிவாசகம் மொட்டையைப் பார்த்தார். கோப்பைப் பிரித்து நிதானமாகப் படத்தைப் பார்த்தார். “போட்டோவிலே சடை இருக்கு” என்றார். ‘இரு குழந்தைகளும் நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாமனார் நியாயஸ்தர். தொண்டையைச் செருமினார். “கப்பல் போனது பாப்பாதான்னு சர்க்காரே சொல்லிருச்சு. மாப்ள, நீங்க துணைக்குப் போனவுகதானே? எந்திரிங்க.” பாவாடை கட்டிய பெத்தணன் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டாம் இலையில் சூப்பிரண்டு உட்கார்ந்தார். சோலைமலைக்கு எட்டாவது இலை கிடைத்தது. பாயசம் வந்தபோது முந்திரிப்பருப்பு அத்தனையும் மகன் இலையில் விழுவதை அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.

கை கழுவுகிற இடத்தில் மொக்கைச்சாமி மெல்ல ஒட்டி நின்றார். “சகலை, அந்தப் பாவாடைய ஒரு வாரத்துக்குக் குடுங்களேன். எம்மகனுக்கும் மொட்டைக்கு முந்தி எடுத்த போட்டோ வீட்டுல இருக்கு.”

“ஒங்க மகனுக்குப் பதினாலு வயசு ஆச்சே! மீசை அரும்பிருச்சேய்யா!”

“அதனால என்ன?” என்றார் மொக்கைச்சாமி. “போட்டோவுல மீசை இல்லேல்ல?”

அவருக்குப் பின்னால், ஈரக் கையைத் துடைக்காமல், மற்ற நாலு சொந்தக்காரர்களும் வரிசையில் நின்றிருந்தார்கள்.