ஜெபக் கூட்டத்தில் ஹைட்ரஜன்

ஒரு போதகரின் வெள்ளை ஜிப்பாமேல் சாக்கடைக் கசடைத் தெளித்த பெருமை எனக்கு உண்டு. அதுவும் ஆவடியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், எனக்காகவே அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது.

அப்போது நான் எம்.டெக். கடைசி வருடம். கழிவுநீர்க் கசடிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டு ஹைட்ரஜன் எடுப்பது என் ஆய்வு. கசடைக் கொதிக்கவைத்தால் மற்றவை பெரும்பாலும் செத்துப்போகும். ஹைட்ரஜன் தருபவை கெட்டியான உறைக்குள் பதுங்கிப் பிழைத்து, சூடு ஆறியதும் எழுந்து சாப்பாடு தேடும். நான் சோற்றுக் கஞ்சி ஊற்றினேன். ஐந்து பாட்டில்கள் கைவிட்டன. ஆறாவது நுரைக்கத் தொடங்கிய நேரம் பார்த்து, கோடை விடுமுறை என்று ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜின் பின்புறச் சூடு படுகிற மூலையில் வைத்தேன். மூடியிலிருந்து ஒரு டியூப், அதன் முனையில் நீல பலூன். (அம்மாவிடம் 'காலேஜ் சாமான்' என்றதோடு சரி.)

ஞாயிறு மாலை, என் படிப்பு நல்லபடியாக முடியவேண்டுமென்று அம்மா ஜெபக் கூட்டம் வைத்தார். நாற்காலி போட இடம் போதாமல் ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளினார். டியூப் நசுங்கியது. பாக்டீரியாக்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவை பாட்டுக்கு வாயுவை உண்டாக்கிக்கொண்டிருந்தன.

ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்ற போதகர் கண்களை மூடினார். "இந்த வீட்டிலுள்ள அசுத்த ஆவிகள் யாவும் இப்பொழுதே வெளியேறட்டும்."

வெளியேறின. மூடி டியூபைப் பிய்த்துக்கொண்டு கிளம்பி மின்விசிறியில் மோதித் தெறித்தது. கறுப்புக் கசடு சுவரிலும் ஜிப்பாவிலும் கோலம் போட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்து மூக்கை மூடினார்கள். பிளம்பர் தேவராஜ் அண்ணன் மட்டும் நிதானமாக மோந்து பார்த்தார்.

"பாஸ்டரே, இது அந்த ஆவி இல்ல. டிரைனேஜ் நாத்தம்."

அம்மா என்னைப் பார்த்தார். "இன்னாடி அது?"

"சாக்கடைக் கசடும்மா."

"ஃபிரிட்ஜாண்டயா?"

நான் அழுதுவிட்டேன். ஆறு மாத உழைப்பு சுவரில் வழிந்துகொண்டிருந்தது. மிச்சம், நசுங்கிய டியூபின் முனையில் தப்பிய அந்தப் பலூன்தான், எலுமிச்சம்பழ அளவில்.

போதகர் ஜிப்பாவைத் துடைத்தபடி கேட்டார். "அதுல என்னம்மா இருக்கு?"

"கொளுத்திப் பாத்தாத்தான் தெரியும் ஐயா."

பால்கனிக்குப் போனோம். பாட்டிலோடு ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்திருந்த காய்ந்த சோதனைக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, பலூன் வாயுவை அதில் விட்டு, தீக்குச்சியைக் காட்டினேன். 'ப்பக்' என்றது. புகை இல்லை. குழாயின் உட்புறம் மெல்லப் பனித்தது.

தேவராஜ் அண்ணன் விரலை விட்டுத் தடவினார். "தண்ணி."

"ஆமாண்ணா. ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணிதான் வரும்."

அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவது வருசமா இந்தச் சாக்கடைலதாம்மா கீறேன். உள்ள இப்டி ஒண்ணு கீதுன்னு ஒருத்தரும் சொல்லல."

குழாய் கைமாறிக்கொண்டே போனது. நாற்றம் அப்படியேதான் இருந்தது; மூக்கைப் பொத்தியிருந்த கைகள் எப்போது இறங்கின என்று தெரியவில்லை. போதகர் கறை படிந்த ஜிப்பாவோடு மறுபடி கண்களை மூடினார். இம்முறை எதையும் வெளியேறச் சொல்லாமல், ஸ்தோத்திரம் மட்டும் சொன்னார்.

ஆய்வு ஒருவழியாக முடிந்தது. இன்றும் குடும்ப ஜெபத்தில் அம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவார். என் பெயருக்கு அடுத்து, "அந்தச் சின்னஞ்சிறு ஜீவன்களையும் காத்தருளும்" என்று வரும். மருமகன் பெயர் அதற்கப்புறம்தான். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் பாக்டீரியாவைத் தாண்ட முடியவில்லையே என்று, ஆமென் சொல்லும்போதெல்லாம் என் கணவர் என்னைக் கிள்ளுகிறார்.